எண்ணூறு கஜத்துக்கு ஒரு தோட்டா

ஆகஸ்ட் மாதம் முழுக்க எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு வைக்க இடமில்லை. எல்லாம் துப்பாக்கித் தோட்டாக்கள். நெட்டை, குட்டை, கழுத்து ஒடுங்கியது, தோள் பருத்தது என்று பித்தளை பளபளக்க நின்றன. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கோடை விடுமுறையில் எனக்கு வேலையில்லை, ஆகவே தப்பித்து ஓடவும் வழியில்லை.

கொண்டுவந்து நிறுத்தியவன் என் அண்ணன் டெல்மர். எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உட்கார்ந்தால் எழுந்திருப்பான், எழுந்தால் நடப்பான், நடந்தால் கையில் அகப்பட்டதை எடுத்து வேறு இடத்தில் வைப்பான். அவன் ஒருநாள் எடுத்து வைத்த உப்பு ஜாடியை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மே மாதம் எனக்கு மலைக்கடா வேட்டைக்கான சீட்டு விழுந்ததிலிருந்து அவன் தன் வீட்டில் இருந்ததைவிட என் வீட்டில் இருந்ததுதான் அதிகம்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வயோமிங் மாநிலத்தில் மலைக்கடா, அந்தப் பெருங்கொம்புக் காட்டுச் செம்மறி, நினைத்த நேரத்தில் போய்ச் சுடுகிற சமாச்சாரமில்லை. வருடா வருடம் குலுக்கல் நடக்கும். கிடைக்காதவர்களுக்கு ஒரு புள்ளி சேரும். புள்ளி சேரச் சேர வாய்ப்பு கூடும். கிடைத்தால் ஒரே ஒரு கடா, ஒரே ஒரு பருவம், பெரும்பாலோருக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை. டெல்மர் தன் முதல் கல்யாணத்துக்கு முன்பிருந்தே புள்ளி சேர்க்கிறான். இப்போது மூன்றாவது விவாகரத்தும் முடிந்துவிட்டது. இருவர் சேர்ந்து மனுப் போட்டால் இருவர் புள்ளியையும் கூட்டிச் சராசரி பார்ப்பார்கள். "உன் புள்ளி என் புள்ளியக் கீழ இழுத்துரும்டி" என்று இந்த வருடம் அவன் தனியாகப் போட்டான். புள்ளியே பார்க்காமல், அதிர்ஷ்டத்துக்கென்று குலுக்குகிற சில சீட்டுகளும் உண்டு. அதில் ஒன்று எனக்கு விழுந்தது.

செய்தியைச் சொன்னதும் அவன் என் காபிக் கோப்பையை எடுத்து ஜன்னலில் வைத்தான். பிறகு, "எந்தத் துப்பாக்கிய எடுத்துட்டுப் போகப்போற?" என்று கேட்டான்.

"என்கிட்ட இருக்கிற டூ-செவன்டிதான்."

"அதுவா? அதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வச்சுக்க."

என் டூ-செவன்டி நல்ல துப்பாக்கி. எங்கள் ஃப்ரீசருக்கு வந்த மானும், எல்க் என்கிற பெரிய மானும் அதில் விழுந்தவைதான். முந்நூறு கஜத்துக்குள் நான் நினைத்த இடத்தில் குண்டு போகும். அதற்கு மேல் நான் சுட்டதில்லை. கிட்டே போவேன், போக முடியாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

ஆனால் டெல்மருக்குத் தூரப் பித்து பிடித்துவிட்டது. முதலில் ஆறரை மில்லிமீட்டர் தோட்டா கொண்டுவந்தான். "உதைக்கவே உதைக்காது. குண்டு ஒல்லி, நீளம். ஐந்நூறு கஜம் அலுங்காமப் போகும்" என்றான். சரி என்றேன். அடுத்த வாரம் அவனே அதற்கு மூச்சு வாங்குகிறது என்றான். "அறுநூறுக்கு ஏழு மில்லிமீட்டர் மேக்னம்தான் சரி. மருந்து ஜாஸ்தி." அதற்கும் சரி என்றேன். பிறகு அதையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, என் நடுவிரலைவிட நீளமான முந்நூறு மேக்னம் தோட்டாவை எடுத்து மேசை நடுவில் நட்டமாக நிறுத்தினான்.

என் கணவர் ராய்ஸ் அந்தத் தோட்டாவைக் குனிந்து பார்த்தார். அவருக்கு மீன் பிடிப்பதோடு சரி. "மச்சான், இது கடாவுக்கா, சரக்கு ரயிலுக்கா?"

"காத்துக்கு மாப்ள, காத்துக்கு. எண்ணூறு கஜத்துல பக்கவாட்டுல நல்லாக் காத்தடிச்சா, இவ டூ-செவன்டி குண்டை ஒரு ஆள் உயரத்துக்குத் தள்ளிரும். இதுன்னா அவ்வளவு தள்ளாது."

"கம்மியாத் தள்ளினாலும் கடா மேல படாதுல்ல?"

"அதுக்குத்தான்யா கணக்குப் போட்டு அடிக்கிறது! நீ போய்ப் புழுவக் கோர்த்துக்கிட்டு உட்காரு."

"எண்ணூறு எங்கேருந்து வந்துச்சு?" என்று நான் கேட்டேன். "போன வாரம் அறுநூறுன்ன. அதுக்கு முன்ன ஐந்நூறுன்ன. கடா என்ன வாரா வாரம் பின்னால நகருதா?"

டெல்மர் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். உள்ளே பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் மூடினான்.

பொறாமை என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது? அவனுக்கு வந்திருக்க வேண்டிய கடா எனக்கு வந்துவிட்டது. அவன் துப்பாக்கியில், அவன் கையால் வெடிமருந்து நிறுத்துப் போட்ட தோட்டாவில், அவன் போட்ட கணக்கில் நான் சுட்டால் பாதிக் கடா அவனுடையதாகிவிடும். அப்படித்தான் எனக்குப் பட்டது. பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நியாயமாகச் சீட்டு அவனுக்குத்தானே என்ற உறுத்தலும் இருந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கும் அந்த மாதம் இருப்புக் கொள்ளவில்லை. துணி மடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு மேசைக்கு வருவேன். ஒரு தோட்டாவை எடுப்பேன், வைப்பேன், அடுத்ததை எடுப்பேன். கடா கிடைக்காமல் போவதுகூட எனக்குப் பெரிதில்லை. அடிபட்டு ஓடிவிட்டால்? மலையில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில், யாரும் எட்ட முடியாத பாறையிடுக்கில், வயிற்றில் என் குண்டோடு கிடந்து சாகும். பயமெல்லாம் அதுதான்.

ஒரு சனிக்கிழமை ஊருக்கு வெளியே ஜல்லிக் குழிக்கு என்னைப் பழக்க அழைத்துப் போனான். எங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோரும் அங்கேதான் சுடுவார்கள். முந்நூறு மேக்னம் துப்பாக்கியை முதல் தடவை சுட்டபோது என் தொப்பி கழன்று பின்னால் விழுந்தது. இரண்டாவது தடவை பல் கிட்டிக்கொண்டது. அப்புறம் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

"இப்ப நீ திரும்பிக்க. நான் போட்டுத் தரேன்" என்றான் டெல்மர்.

என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரியும். ஒருவன் வெடிக்கு முன்பே பதறுகிறானா என்று பார்க்க எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் சோதனை இது. மற்றவர் துப்பாக்கியில் தோட்டா போடுவார். அது நிஜத் தோட்டாவா, மருந்தில்லாத வெத்துத் தோட்டாவா என்று சுடுகிறவருக்குத் தெரியாது. நிஜமென்றால் வெடியின் உதைப்பில் எதுவும் தெரியாது. வெத்து என்றால் எல்லாம் தெரிந்துவிடும்.

படுத்தேன். குறி வைத்தேன். மூச்சைப் பாதி விட்டு விசையை அழுத்தினேன்.

டிக்.

வெடிக்கவில்லை. ஆனால் குழல் நுனி தரையைப் பார்த்துக் குத்தியது. என் கண் இறுக மூடியிருந்ததை நானே உணர்ந்தேன். தோள் தானாக முன்னால் போயிருந்தது. நூறு கஜத்துக்கே இந்தக் குதி என்றால் எண்ணூறு கஜத்தில் குண்டு பக்கத்து மாநிலத்தில்தான் விழும்.

"பரவால்ல, பழகிரும்" என்றான்.

நான் எழுந்தேன். "இப்ப நீ படு. நான் போடறேன்."

"எனக்கெதுக்கு? நான் எத்தனை வருஷமா..."

"படுன்னா படு."

படுத்தான். மூன்று நிஜத் தோட்டா கொடுத்தேன், நான்காவதாக வெத்து. டிக் என்றதும் அவன் குழல் என்னுடையதைவிட ஆழமாகக் குத்தியது. வலது கால்கூட உதறியது. அப்படியே குப்புறக் கிடந்தான்.

"காலைல காபி ஜாஸ்தி" என்றான், தரையைப் பார்த்தபடி.

"ரெண்டு பேருக்கும் ஆகாத துப்பாக்கி நமக்கு எதுக்கு டெல்?"

"எண்ணூறுக்கு வேற எது இருக்கு? சொல்லு!" என்று சட்டென்று கத்தினான். அவன் என்னிடம் கத்துகிறவன் இல்லை. எழுந்திருக்கும்போது வண்டியின் பம்பரைப் பிடித்துக்கொண்டு, முதலில் இடது காலை ஊன்றி, அப்புறம் வலது காலை இழுத்துக்கொண்டு எழுந்தான். பார்த்தேன். கோபத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

செப்டம்பரில் கிளம்பினோம். பஸ்ஸுக்கு வேறு ஓட்டுநரை ஏற்பாடு செய்துவிட்டு, ராய்ஸ் கட்டிக் கொடுத்த சில்லிக் கறிக்குழம்பையும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளையும் வண்டியில் ஏற்றினோம். என் டூ-செவன்டியை நான் எடுத்துக்கொண்டேன். "எடுத்துக்க, எடுத்துக்க. இதையும் நானே சுமந்துட்டு வரேன்" என்று டெல்மர் மேக்னத்தைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். வழியெல்லாம் ரேடியோவை மாற்றிக்கொண்டே வந்தான். ஒரு பாட்டையும் முடிய விடவில்லை.

விண்ட் ரிவர் மலையில் செத்த குதிரைப் பள்ளம் என்று ஒரு பள்ளத்தாக்கு. அதன் மேல்விளிம்பு வரைக்கும் பழைய வண்டிப்பாதை ஒன்று போகிறது. பாதை முடிகிற இடத்தில் கூடாரம் அடித்தோம். கொஞ்சம் ஏறினால் ஒற்றைப் பைன் மரம், அதன் கீழே பாறை. அங்கே பெரிய தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி எதிர்ச்சரிவைத் துழாவ ஆரம்பித்தோம். நான் இன்னும் உள்ளே, வடக்கே போய்ப் பார்க்கலாம் என்றேன். டெல்மர் கேட்கவில்லை. "இங்க இருந்தே எல்லாம் தெரியுது" என்றான். ஆனால் அவனும் நிம்மதியாகப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் தொலைநோக்கி, இரண்டு நிமிடம் மரத்தைச் சுற்றி நடை, மறுபடி தொலைநோக்கி.

முதல் நாள் பெட்டையும் குட்டிகளும் மட்டும் தெரிந்தன. இரண்டாம் நாள் காலையில், அவன் நடையில் இருந்தபோது, நான் கடாவைப் பார்த்துவிட்டேன். எதிர்ச்சரிவில், பாறைக்கு நடுவே ஒரு புல்திட்டில் தனியாகப் படுத்திருந்தது. கொம்பு இரண்டும் பின்னால் வளைந்து, கன்னத்தைச் சுற்றி, முன்னால் வந்திருந்தன. நுனி தேய்ந்து மழுங்கியிருந்தது. கிழட்டுக் கடா. கண்ணை எடுக்காமல் கையை ஆட்டி டெல்மரைக் கூப்பிட்டேன்.

டெல்மர் பார்த்தான். "எழுநூத்தி எண்பது" என்றான்.

"அளக்காமயே எப்படித் தெரியும்?"

அவன் மேக்னத்தைப் பாறை மேல் பொருத்த ஆரம்பித்தான். பையை மடித்துக் குழலுக்குக் கீழே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"டெல். அளக்காம எப்படித் தெரியும்?"

"போன மாசம் வந்து அளந்தேன்."

"கடாவே இல்லாதப்பவா?"

"அந்தத் திட்டுல எப்பவும் ஏதாவது ஒண்ணு வந்து படுக்கும். பாதைலேருந்து கீழ இறங்காம அதைப் பார்க்குற இடம் இது ஒண்ணுதான்."

இறங்காமல். எதிரே ஆளை விழுங்குகிற மாதிரி பள்ளம், கீழே நூலாக ஓடை. நான் அவனைப் பார்த்தேன். அவன் கடாவைப் பார்க்கவில்லை. அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜல்லிக் குழியில் இழுத்துக்கொண்டு எழுந்த வலது கால் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"முட்டியா?"

"ஏறுறது ஒண்ணுமில்ல. இறங்குறதுதான் முடியல." யாரோ ஒருவனுடைய முட்டியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். "கீழ அந்தச் சிவப்புப் பாறை தெரியுதா? அங்கேருந்து ஐந்நூறு. ஆறரை போதும். ஆகஸ்ட் ஆரம்பத்துல வந்து இறங்கிப் பார்த்தேன். பாதிலயே மடங்கிருச்சு. சரி, அதுக்கு மேல இருக்கிற மொட்டை மரம் வரைக்கும் போனா அறுநூறு. அடுத்த வாரம் வந்தேன், அதுக்கும் முடியல. இங்கேருந்து எழுநூத்தி எண்பது. அவ்வளவுதான்."

வாரா வாரம் கடா பின்னால் நகர்ந்ததற்கு இதுதான் காரணம். நான் மேசையில் அவன் பொறாமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அங்கே நிறுத்தி வைத்திருந்ததெல்லாம் தன் காலைத்தான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதே நேரம் அவனை இரண்டு அறை அறையலாம் போலவும் இருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா? நல்லா காலிருக்கிற எவனையாவது கூட்டிட்டு வந்திருப்ப. எனக்குச் சீட்டு எப்ப விழும், அதுக்குள்ள இந்தக் கால் என்ன ஆகும்னு தெரியல. உனக்கு விழுந்திருக்கு. நீ சுடறப்ப பக்கத்துல இருக்கணும்னு நினைச்சேன். தப்பா?"

நான் மேக்னத்துக்குப் பின்னால் படுத்தேன். அவனுக்காக. துப்பாக்கிக் கட்டையை இழுத்துத் தோளோடு சேர்த்தேன். ஸ்கோப்பில் கடா அசை போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் காற்று இடமிருந்து வலம். நடுப்பள்ளத்தில் ஒரு கழுகு வலமிருந்து இடமாகச் சறுக்கியது. கடாவின் பக்கம் புல் மேல்நோக்கிப் படுத்தது. ஒரு குண்டுக்கு மூன்று காற்று. டெல்மர் பக்கத்தில் படுத்து எண்களை முணுமுணுத்தான். அவன் மூச்சில் காபி வாசனை வந்தது. இப்படியே சுட்டுவிட்டால் என்ன என்று ஒரு ஆசை வந்தது. பட்டாலும் படலாம். பட்டால் ஆயுள் முழுக்க இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

விரலை விசையில் வைத்தேன். உடனே தோள் விறைத்தது, கண்ணிமை துடித்தது. ஜல்லிக் குழியில் கேட்ட டிக் காதுக்குள் கேட்டது.

விரலை எடுத்துவிட்டு, போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே உருவி அவன் கையில் கொடுத்தேன்.

"நீ பக்கத்துல இருக்கணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு டெல். ஆனா இதால நான் சுட்டா அதோட வயித்துலதான் படும். அது உனக்கும் தெரியும்."

அந்தத் தோட்டாவை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்காகப் போட்டிருந்த ஆரஞ்சு வெஸ்ட்டைக் கழற்றினான்.

"சைகை ஞாபகமிருக்கா?"

எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சைகைதான். பள்ளத்துக்குள் இறங்கிவிட்டவருக்குக் கடா தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். வெஸ்ட்டை இடப்பக்கம் ஆட்டினால் இடப்பக்கம் போ. தலைக்கு மேல் தூக்கினால் மேலே ஏறு. பாறை மேல் விரித்துப் போட்டிருந்தால் கடா படுத்த இடத்திலேயே இருக்கிறது, பயப்படாமல் வா. ஆரஞ்சு நிறமே கண்ணில் படவில்லை என்றால் கடா போய்விட்டது, திரும்பி வா.

"நீ ஒரே இடத்துல உட்காரணும்" என்றேன். "அதான் எனக்குக் கவலை."

"போடி. என் வேலைய எனக்குச் சொல்லித் தராத."

டூ-செவன்டியோடு இறங்கினேன். கொஞ்சம் வடக்கே போய், கடாவின் கண்ணுக்கு மறைவாக ஓடையைத் தாண்டி, எதிர்ச்சரிவில் ஏறினேன். மலைக்கடா எப்போதும் கீழ்ப்பக்கம்தான் காவல் பார்க்கும். ஆகவே அதற்கு மேலே போய் மேலிருந்து இறங்க வேண்டும். சூரியன் ஏறிவிட்டதால் காற்றும் மேல்நோக்கி வீசியது. என் வாடை அதற்குப் போகாது. இதெல்லாம் சொல்ல எளிது. சரளைக் கல் கால் வைக்க வைக்கச் சரிந்தது. ஒவ்வொரு கல் உருளும்போதும் உயிர் போய் வந்தது. அடிக்கடி படுத்து பைனாகுலரைத் திருப்பி டெல்மரைப் பார்த்தேன். வெஸ்ட் பாறை மேல் விரிந்திருந்தது. ஒரு முறை இடப்பக்கம் ஆட்டினான். நான் நினைத்ததைவிட அதிகம் தெற்கே வந்துவிட்டிருந்தேன். இன்னொரு முறை தலைக்கு மேல் தூக்கினான். ஏறினேன். அத்தனை நேரம் அவன் உட்கார்ந்திருந்ததை என் ஆயுளில் பார்த்ததில்லை.

கடைசியாக, முக்கால் மணி நேரம் திரும்பிப் பார்க்காமல் ஊர்ந்து, ஒரு பிளந்த பாறைக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன். அதற்குக் கீழே ஒரு விளிம்பு. விளிம்புக்குக் கீழேதான் புல்திட்டு இருக்க வேண்டும். இங்கிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடா இருந்தால், நான் தலையைத் தூக்கிய நொடியில் எனக்கு ஒரு வாய்ப்பு. பைனாகுலரைத் திருப்பினேன்.

ஆரஞ்சைக் காணோம்.

ஒற்றைப் பைன் தெரிந்தது. பாறை தெரிந்தது. பாறை வெறுமையாக இருந்தது. மரத்தின் இரு பக்கமும், கீழேயும் மேலேயும் பார்த்தேன். இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இல்லை.

கடா போய்விட்டது. என் வாடை போயிருக்கும், அல்லது ஏதோ ஒரு கல் உருண்டிருக்கும். சுமையை இறக்கிவிட்டு எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, இருந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக் கத்தலாம் போலிருந்தது. முழங்காலை ஊன்றிப் பாதி எழுந்தும் விட்டேன்.

அப்படியே நின்றேன். நான் யாரை நம்பி எழுந்திருக்கிறேன்? டெல்மரை. மூன்று கல்யாணத்திலும் நிலைக்காதவன், ஒரு பாட்டை முழுசாகக் கேட்காதவன், என் உப்பு ஜாடியை எங்கோ கொண்டுபோய் வைத்தவன். கடா எழுந்து போயிருக்கலாம். அல்லது இவன் எழுந்து போயிருக்கலாம். பந்தயம் கட்டச் சொன்னால் நான் கடா பக்கம் கட்டுவேன்.

மறுபடி வயிற்றில் படுத்தேன். துப்பாக்கியை முன்னால் தள்ளிக்கொண்டு, முழங்கையால் நகர்ந்து, விளிம்புக்குப் போனேன். தொப்பியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி எட்டிப் பார்த்தேன்.

கடா அங்கேயேதான் இருந்தது. அசை போட்டுக்கொண்டு, கீழே ஓடைப்பக்கம் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த காய்ந்த புல்கூடத் தெரிந்தது. தோள் விறைக்கவில்லை. இமை துடிக்கவில்லை. டூ-செவன்டி எப்போதும்போல என் தோளில் உட்கார்ந்தது. முன்னங்காலுக்குப் பின்னால் வைத்து அழுத்தினேன். கடா எழுந்தது, இரண்டு எட்டு வைத்தது, புல்லிலேயே மடங்கி விழுந்தது. பாறையில் உருளவில்லை. வேதனைப்பட நேரமே இல்லை.

வெடித்த உறையை உருவிப் பையில் போட்டேன். பிறகு கீழே போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கொம்பைத் தொட்டுப் பார்த்தேன். சந்தோஷமா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான். அப்புறம் கடா எதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றியது. பைனாகுலரை எடுத்து ஓடைப்பக்கம் திருப்பினேன்.

நாங்கள் கூடாரம் அடித்த பக்கத்துச் சரிவில், ஓடைக்குச் சற்று மேலே, மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஆரஞ்சு வெஸ்ட் வெளியே வந்தது. டெல்மர். நடக்கவில்லை. உட்கார்ந்தபடி, இடுப்பால் நகர்ந்து, வலது காலை முன்னால் நீட்டிக்கொண்டு, சரளையில் சறுக்கிக்கொண்டிருந்தான். தொலைநோக்கியின் முக்காலியை ஊன்றுகோலாகப் பிடித்திருந்தான். ஐந்நூறு கஜத்துச் சிவப்புப் பாறையை எப்போதோ தாண்டி வந்திருந்தான்.

"முட்டாப்பயலே!" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்டிருக்காது. முக்காலியைத் தூக்கி ஆட்டினான்.

அவன் வந்து சேரும்வரை எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கடாவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். விளிம்புக்குப் போய்ப் பார்ப்பேன், திரும்பி வருவேன், தண்ணீர் பாட்டிலைத் திறப்பேன், குடிக்காமல் மூடுவேன். ஓடையில் கால் வைத்தபோது விழுந்தான், எழுந்தான். அதற்கப்புறம் ஏற்றம். ஏற்றத்தில் வேகமாகத்தான் வந்தான்.

கடைசிப் பாறையைப் பிடித்து ஏறி வந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. காற்சட்டையின் பின்பக்கம் கிழிந்து தொங்கியது. கடாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எத்தனை கஜம்?"

"தொண்ணூறு இருக்கும்."

"அட அசிங்கமே. கல்லாலயே அடிச்சிருக்கலாம்ல."

நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "வெஸ்ட் எங்க போச்சு? ஆரஞ்சு தெரியலேன்னா என்ன அர்த்தம்? நான் எழுந்து நின்னிருந்தா? ஆயுசுக்கும் ஒரே ஒரு கடா, அதைக் கெடுத்திருப்பியே!"

அவன் விழித்தான். உண்மையாகவே அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "அய்யய்யோ" என்றான். "மறந்தே போச்சு. நீ அந்தப் பிளந்த பாறைக்கு நேரா ஊர ஆரம்பிச்சுட்ட. இனிமே என் சைகை உனக்கு எதுக்குன்னு... வெஸ்ட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். அங்க உட்கார முடியல லோர்னா. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட முடியல."

சட்டையை விட்டேன். அவன் தோளில் மேக்னத்தைக் காணவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"துப்பாக்கி?"

"மரத்தடியிலயே கிடக்கு. அதைத் தூக்கிட்டு எவன் இறங்குவான்?"

"காலுக்கு ஏதாவது ஆகியிருந்தா? இறங்க முடியாதுன்னு சொன்னியே!"

டெல்மர் வலது காலை நீட்டி, மெல்ல, கடாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கொம்பின் மேல் கையை வைத்தான்.

"இறங்கிட்டேன்ல" என்றான்.

நான் கத்தியை எடுத்தேன். அவன் கடாவின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். நான் அறுத்து முடிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.